பெரட்டுக்குப் போனவள்

கலாராணிக்குப் பாட்டுக் கட்டுவது கொட்டாவி விடுவது மாதிரி. வந்தால் அடக்க முடியாது. பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்தெடுத்தவள். எந்த மலையில் நின்றாலும் வாய் சும்மா இருந்ததில்லை. "ஒன் வாய்க்குப் பூட்டே இல்லையா?" என்று கூடப் பறிக்கிறவர்கள் கேட்டால், "சாவி ஒங்கிட்ட இருந்தா குடு" என்பாள்.

அவள் பத்தொன்பது வயதில் கட்டியது பெரட்டுப் பாட்டு. பெரட்டு என்றால் என்ன என்று தோட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும். விடியுமுன் தப்பு மேளச் சத்தம் கேட்டதும், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் எல்லாரும் ஓடிப்போய்க் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். "வந்திருக்கேங்கய்யா" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது. அழுத பிள்ளையை, ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு ஓடிவந்த கலாராணியின் அக்கா ஒருநாள் பிந்திப்போனாள். ஊரே பார்க்கத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆத்திரத்தில் பிறந்தது பாட்டு:

தப்புச் சத்தம் கேக்குதடி – நாம
பெரட்டுக்குப் போறோமடி
பெத்த புள்ள அழுகுதடி – நாம
பெரட்டுக்குப் போறோமடி

ஒரே வாரத்தில் பாட்டு மலைக்கு மலை தாவிவிட்டது. அடுத்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு மந்திரி தோட்டத்துக்கு வந்தார். வரவேற்பில் பாட ஒரு பாட்டு வேண்டும் என்று ஆபீசில் பெரிய கிளாக்கர் கலாராணியைக் கூப்பிட்டார். அவள் பெரட்டுப் பாட்டைப் பாடக் கேட்டதும் அவர் முகம் கோணியது. 'பெரட்டுக்கு' என்பதை வெட்டிவிட்டு 'பெருமையா' என்று போட்டார். அழுத பிள்ளையைத் துரத்திவிட்டுச் சிரிக்கிற கொழுந்தைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். மாட்டேன் என்றால் அப்பாவின் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள் என்று பயந்து, "பெருமையாப் போறோமடி" என்று பாடினாள். மந்திரி கைதட்டினார். கலாராணிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அப்புறம் காலம் மாறியது. நாடில்லாதவர்கள் என்று தள்ளி வைத்திருந்த தோட்டத்து மக்கள் கைக்கு வாக்குரிமை வந்தது. அந்த வருட மே தினத்துக்குத் தொழிலாளர் சங்கத்துத் தலைவர் அதே பாட்டை எடுத்து, "பேரணிக்குப் போறோமடி" என்று மாற்றினார். இதை அவள் ஆசையாகத்தான் பாடினாள். புது அடையாள அட்டையை இடுப்பில் சொருகிக்கொண்டு பதுளைத் தெருவில் தொண்டை கிழியப் பாடினாள். ஆனால் கையில் கொடுத்த நோட்டீசில், பாட்டுக்குக் கீழே தலைவரின் பேர் இருந்தது. அட்டை வாங்கித் தந்தவர் ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டாள்.

இப்படி அந்த ஒரு சொல்லின் இடத்தில், கை ஓங்கியவர்கள் எல்லாரும் மாறி மாறி வந்து உட்கார்ந்தார்கள். எந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால், அப்போது யார் ஆட்சி என்று சொல்லிவிடலாம்.

இந்த வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். தொகுப்பவர் துஷாந்த். கலாராணியின் பக்கத்துக் காம்பராவில் பிறந்து, பட்டம் வாங்கி, அதே பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தவர். "பெரியம்மா, பெரட்டுப் பாட்டு ஒங்க பேரோட வரப்போகுது" என்றார். இரண்டு தடவை சூடுபட்டவள் சும்மா இருப்பாளா? "அச்சுல ஏறுறதுக்கு முந்தி நான் பாக்கணும் சேர்" என்று வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

பதுளை பஸாரில் ஜாபிர் நானாவின் அச்சகம். அவருடைய மகள் ரிஸ்காதான் கணினியில் எழுத்துக் கோப்பவள். அச்சுக்குப் போகவிருந்த தாளைக் கொடுத்தாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்ற கலாராணி, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

புரட்சிக்குப் போறோமடி.

"இது யாரு பாத்த வேல?"

ரிஸ்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நாந்தாம்மா. பெரட்டுண்டு ஒரு சொல் இருக்கிறது எனக்குத் தெரியாது. எழுத்துப் பிழையாக்கும்ண்டு திருத்திட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"நீ தெரியாமச் செஞ்ச புள்ள. சேர், நீங்க இதப் பாக்கலையா?"

துஷாந்த் தலையைச் சொறிந்தார். "பாத்தேன் பெரியம்மா. இருக்கட்டும்னு விட்டுட்டேன். பெரட்டுன்னு போட்டா, நாளைக்கு வாசிக்கிற புள்ளைங்க நம்மள அடிமைன்னு நினைக்கும். புரட்சின்னா நிமிந்து பாக்கும். இப்ப எல்லாரும் தேடுறது அந்தச் சொல்லத்தான்."

கலாராணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் பையன் கெட்டவனில்லை. பிறந்த லயத்தை உயர்த்திக் காட்டத்தான் ஆசைப்படுகிறான்.

"அன்னைக்குப் பெருமைன்னு பாடச் சொன்னாங்க, பயந்து பாடுனேன். பேரணின்னாங்க, நன்றிக்குப் பாடுனேன். இப்ப நீங்க புரட்சிங்கிறீங்க. மூணும் நல்ல சொல்லுதான் சேர். ஆனா எதுவும் எஞ்சொல்லு இல்ல. கொட்டுற பனியில, அழுகுற புள்ளய விட்டுட்டு, ஒருநா தவறாம போய் நின்னோம். அப்படி நின்னுதான் ஒங்கள மாதிரி புள்ளைங்கள வாத்தியாராக்குனோம். புரட்சிக்குப் போனோம்னு எழுதிட்டா, பெரட்டுக்குப் போனவ யாரு?"

துஷாந்தின் அம்மாவும் முப்பது வருடம் பெரட்டுக்குப் போனவள். அவர் பேனாவை எடுத்தார். தாளில் தானே வெட்டித் திருத்தினார். ரிஸ்கா விடவில்லை. "என்னைப் போல தெரியாத ஆக்கள் நிறையப் பேர் இருப்பாங்க. நீங்க விளக்கம் சொல்லுங்கம்மா, அடியில போட்டுடுறேன்" என்றாள். கலாராணி சொல்லச் சொல்ல, அவள் ஒரு சொல்லும் மாற்றாமல் அடித்தாள்.

மலர் வெளியீட்டன்று பள்ளிக்கூட மண்டபம் நிறைந்து வழிந்தது. முன்வரிசையில் கொழும்பிலிருந்து வந்த அரசியல் பெரியவர், தோட்டத்தை நடத்துகிற தொரை, சங்கத்து ஆட்கள். கலாராணிக்கு மூன்றாவது வரிசை. முதல் பிரதி அவளுக்கு என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. துஷாந்த் மைக்கைப் பிடித்து, பெரட்டில் கூப்பிடுகிற மாதிரியே முழுப்பேரையும் உரக்கக் கூப்பிட்டார்.

"சின்னையா கலாராணி!"

முப்பத்தெட்டு வருடப் பழக்கம் எங்கே போகும்? அவள் சடாரென்று எழுந்து நேராக நின்றாள். மண்டபம் அதிரக் குரல் கொடுத்தாள்.

"வந்திருக்கேன்!"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பிறகு, சிரித்தவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டத் தொடங்கினார்கள். தொரையும் பெரியவரும் எதற்கென்று புரியாமல் சேர்ந்து தட்டினார்கள். பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்குத்தான் அது புரிந்தது. அத்தனை வருடமும் அந்தக் குரலின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்த 'ஐயா' அன்று வரவில்லை.