நூறு பேருக்கு ஓர் அரண்மனை

கல்யாணம் எடுத்து நடத்துகிறவர்கள் அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போனால்கூட இலையைப் பார்த்துச் சாப்பிட மாட்டோம். பந்தலில் எந்த விளக்கு எரியவில்லை என்று பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம். வீட்டில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு மறுநாள் கால் வீங்கிப் படுத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்களும் நம்ம கட்சிதான்.

நான் பெரம்பலூர்க்காரி. வீட்டுக்காரர் ஷாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி 'இதே மாதிரி வேணும்' என்று கேட்க ஆரம்பித்ததும் நான் 'வெட்டிங் பிளானர்' ஆகிவிட்டேன். போர்டு மாறியதே தவிர நாற்காலி எண்ணுகிற வேலை மாறவில்லை. எனக்கு வாய்த்த முதல் அரண்மனைக் கல்யாணம் வரதராஜன்பேட்டையிலிருந்து வந்தது.

மகளின் உத்தரவு

பெண் பெயர் ரெஜினா. கனடாவில் வேலை. மாப்பிள்ளை அமல் ஏலாக்குறிச்சிக்காரர், அவருக்கும் கனடாவில்தான் வேலை. ஒருநாள் வீடியோ காலில் ஓர் ஓட்டலைக் காட்டி, என் கல்யாணம் இங்கேதான் என்றாள். தெற்கே மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ள பழைய ஜமீன் அரண்மனை அது. தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, முற்றத்தில் மயில் என்று எல்லாம் இருந்தது. செலவு முழுக்க அவளுடையது.

எதற்கம்மா இவ்வளவு பெரிய ஏற்பாடு என்று கேட்டேன். அவள் அப்பா ஆரோக்கியசாமி சார் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மழைக்கு ஒழுகுகிற ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு சம்பளத்தைப் பிள்ளைகள் படிப்பில் கொட்டியவர். ஒரு நல்ல ஓட்டலில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. அவருக்காகத்தான் இந்த அரண்மனை, ஆனால் அது அவருக்குத் தெரியக் கூடாது என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு மகள் எனக்கும் இருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருப்பது இரண்டும் பையன்கள். போனை வைக்கும்போது அவள் கண்டிப்பாகச் சொன்னது இது:

"அப்பா வேணாம்னுதான் சொல்லுவாரு. நீங்க காதுலயே வாங்காதீங்கக்கா."

அப்பா வேண்டாமென்று சொல்லவில்லை

ஆரோக்கியசாமி சாரையும் அவர் மனைவி பிலோமினா டீச்சரையும் அரண்மனை காட்டக் கூட்டிப்போனேன். ஓட்டல் மேனேஜர், இது ராஜா படுத்த கட்டில், இது ராணி முகம் பார்த்த கண்ணாடி என்று வரிசையாகக் காட்டிக்கொண்டு வந்தார். சார் எதையும் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். தர்பார் ஹாலுக்கு வந்ததும் மட்டும் நின்று, இங்கே எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டார். பழைய கட்டடம், நூறு பேருக்கு மேல் அனுமதி இல்லை என்றார் மேனேஜர். சார் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், நல்லா இருக்குங்க என்றார். டீச்சருக்கு மனசில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று பேசத் தெரியாது.

"ஏந் தம்பி, ராஜா வூட்டுக் கல்யாணத்துக்கும் நூறு பேருதான் வந்தாங்களா?"

டீக்கடையில்

திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். டீச்சர் காரிலேயே தூங்கிவிட்டார். சார் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் படித்தவர்களுக்கு அப்பா அம்மா. அத்தனை பேர் வீட்டுக் கல்யாணத்திலும் அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். யாரைக் கூப்பிட்டு யாரை விடுவது, விட்ட ஆளை நாளைக்கு எந்த முகத்தோடு பார்ப்பது என்று மெல்லக் கேட்டார். மகள் கல்யாணத்தை ஊர் ஜனங்கள் இல்லாமல் நடத்துவது அவருக்குத் தாங்கவில்லை. சொல்லிப் பார்க்கலாமே சார் என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். ஆக, மகள் அப்பாவுக்காக அரண்மனை பிடிக்கிறாள். அப்பா மகளுக்காக அரண்மனையைப் பொறுத்துக்கொள்கிறார். நடுவில் இரண்டு பேர் ரகசியத்தையும் அடைகாத்துக்கொண்டு நான். வாயைத் திறந்தால் ஒன்று ஆர்டர் போகும், இல்லையென்றால் யாராவது அழுவார்கள்.

"புள்ள ஆசப்பட்டு மொத மொதக் கேக்குதும்மா. நான் எப்புடி வாயத் தொறக்கறது?"

மயில்

மாப்பிள்ளையின் அப்பா சூசை, ஏலாக்குறிச்சியில் விவசாயி. அவரும் அரண்மனையைப் பார்க்க வந்தார். முற்றத்தில் நான்கைந்து மயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மேனேஜர், எங்கள் விருந்தாளிகளுக்கு இதுதான் சார் மிகவும் பிடிக்கும் என்று சொல்லி முடிப்பதற்குள், சூசை பழக்க தோஷத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்து, ஏய் ச்சூ என்று கையை ஓங்கிவிட்டார். மயில்கள் தூணுக்குத் தூண் பறந்தன. மேனேஜர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே ஓடினார். கடலைக் கொல்லை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும் மயிலின் அருமை; விதைத்த விதையை வரிசை தவறாமல் கிளறித் தின்றுவிட்டு அழகாக நடந்து போகும். மயிலோடு போட்டோ எடுக்கத் தனிக் கட்டணம் என்று கேள்விப்பட்டதும் சூசைக்குத் தலையே சுற்றிவிட்டது.

"நம்ம கொல்லைக்கு வாங்க மேனேஜரு, எம்புட்டு வேணுமோ புடிச்சிட்டுப் போங்க, வண்டி வாடகையும் நானே குடுக்கறேன்."

சாமியார் சொன்னது

நான் முதல் பத்திரிகையைச் சிறுவாச்சூர் அம்மனுக்கு வைத்துப் பழகினவள். கத்தோலிக்கக் கல்யாண முறை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அரண்மனை முற்றத்தில் மல்லிகைப் பந்தல் போட்டு, நடுவில் ஒரு பீடம் வைத்து, அவர்கள் சாமியார் என்று சொல்கிற பாதிரியாரைக் கூட்டிவந்து நடத்திவிடலாம் என்று படமெல்லாம் வரைந்து வைத்திருந்தேன். பெண் வீட்டார் பங்குச் சாமியாரிடம் கேட்டிருப்பார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருப்பார்கள் என்று ரெஜினா இருந்தாள். கடைசியில் நான்தான் போய்க் கேட்டேன். சாமியார் படத்தை ரசித்துப் பார்த்துவிட்டு, பந்தல் நல்லா இருக்கும்மா, ஆனால் திருமணம் கோயிலில்தான் நடக்க வேண்டும், விருந்தை அரண்மனையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பதறிக்கொண்டு சார் வீட்டுக்கு ஓடினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார் என்று கேட்டதற்குச் சிரித்தார். கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுத்தவருக்குத் தெரியாமல் இருக்குமா. கோயில் என்றதும் மகளே மனம் மாறி நம்ம ஊர்க் கோயிலுக்கு வந்துவிடுவாள் என்று வாயைத் திறக்காமல் காத்திருந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து கனடாவிலிருந்து போன் வந்தது. அரண்மனையிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே ஒரு சின்னக் கோயில் இருப்பதை ரெஜினா கண்டுபிடித்து, அந்த ஊர்ச் சாமியாரிடம் பேசியும் முடித்துவிட்டாள். சார் போனில் ரொம்ப சந்தோஷம்மா என்றார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னை மாரியே வளத்துட்டேன். எதையும் அரைகுறையா விடாது."

தடை

கத்தோலிக்கர்கள் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது ஏதாவது தடை தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். கூப்பிட்ட நூறு பேருக்கு மட்டும் தெரிந்திருந்த விஷயம், ஓலை வாசித்ததும் ஊருக்கே தெரிந்துபோயிற்று. இரண்டாம் ஓலை முடிந்த அன்று சாமியார் எனக்குப் போன் செய்தார். தடை இருக்கிறது என்று ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார், உடனே வாங்க என்றார். பெரம்பலூரிலிருந்து வரதராஜன்பேட்டை போகும் வரைக்கும் என் மனசில் எத்தனையோ சினிமா ஓடியது. மாப்பிள்ளைக்குக் கனடாவில் குடும்பம் இருக்குமோ என்றுகூட யோசித்துவிட்டேன்.

சாமியார் வீட்டில் தையல்காரி அற்புதமேரி உட்கார்ந்திருந்தார். கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர் அவர்தான். குழுவே பின்னால் நின்றது. சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது சட்டப்படி தடையில் வராது, ஆனால் சொல்ல வந்தவர்களைக் கேட்க வேண்டியது என் கடமை என்றார். ரெஜினா பாவாடை கட்டிய வயதிலிருந்து கனடா போகும் வரை அந்தக் குழுவில் பாடியவளாம். ஊரில் நடந்த அத்தனை கல்யாணத்திலும் அவள் குரல் இருந்திருக்கிறது. இப்போது அவள் கல்யாணத்துக்கு நான் பெங்களூரிலிருந்து வயலின்காரர்களை வரவழைத்திருந்தேன். அவ புத்திக்கு எட்டலயா, இல்ல நாங்க ஆகாதவங்களாயிட்டமா என்று கேட்டார் அற்புதமேரி. அவள் சின்னப் பெண், யோசித்திருக்க மாட்டாள் என்று சமாதானம் சொன்னேன். அரண்மனையில் நூறு பேர்தான் உட்கார முடியும் என்ற கதையையும் ஒப்பித்தேன். அற்புதமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சோறு யாருங்க கேட்டா? கோயிலுக்கும் டிக்கெட் போட்டுருக்கீங்களா?"

மரத்தடி

கோயிலுக்கு டிக்கெட் இல்லை, நீங்களே வந்து பாடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வயலின்காரர்களைச் சாயங்கால வரவேற்புக்கு மாற்றிவிட்டு, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் வாயைப் பூட்டிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று அந்தச் சின்னக் கோயிலில் விருந்தாளிகள் நூறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ரெஜினா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் கால் வைத்தாள். மேல்தளத்திலிருந்து ஆர்மோனியம் எழுந்தது. அதன்மேல் அற்புதமேரியின் குரல். ரெஜினா அப்படியே நின்றுவிட்டாள். சார் நிமிர்ந்து பார்த்தார். மேலே குழு மட்டும் இல்லை, அவர்களுக்குப் பின்னால் ஊரிலிருந்து வந்த இரண்டு வேன் ஜனம் நின்றது. அவரிடம் படித்தவர்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள், எதிர்வீடு, பக்கத்து வீடு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்பா அழுவதை ரெஜினா பார்த்தாள். அவர் இத்தனை நாள் எதை விழுங்கிக்கொண்டிருந்தார் என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். நன்மை என்று அவர்கள் சொல்கிற நற்கருணை அப்பத்தை வாங்கி முடித்து நன்றிப் பாட்டு தொடங்கியபோது, மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போய்த் தன் பழைய இடத்தில் நின்று பாடினாள். நானும் அழுதேன். தொழிலில் அழுவது தப்பு, மை கலைந்துவிடும்.

வெளியே அரண்மனையின் பழங்காலக் கார் பூ வைத்துக் காத்திருந்தது. ஊர்க்காரர்கள் கோயில் மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் எடுத்து வைத்தார்கள். அரண்மனைக்கு வாங்க என்று ரெஜினா கெஞ்சினாள். இன்னொரு நாளைக்கு வரோம் தாயி, நீ போயிட்டு வா என்றார் அற்புதமேரி. சார் யாரையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் உட்கார்ந்து இலைக்குக் கையை நீட்டினார். மேனேஜர் எனக்கு மூன்றாவது தடவை போன் செய்து, மேடம் ராஜ விருந்து ஆறிக்கொண்டிருக்கிறது என்றார். ரெஜினா அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, உங்கள ராஜா மாதிரி உக்கார வெக்கணும்னுதானப்பா அந்த அரமனையப் புடிச்சேன் என்று தேம்பினாள். அவர் ஒரு கவளத்தை உருட்டி அவள் வாயில் ஊட்டினார். இடமும் வலமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"உக்காந்துதானம்மா இருக்கேன்."

அதற்குப் பிறகு யார் அரண்மனைக் கல்யாணம் கேட்டு வந்தாலும், பக்கத்தில் ஊர் உட்காருகிற மாதிரி ஒரு நிழல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் அட்வான்ஸ் வாங்குகிறேன்.