உபதேசியாரின் கம்பளி

என்னிடம் இருக்கும் கறுப்புக் கம்பளியில், தோளில் விழும் இடத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. தைத்துத் தருவதாகப் பலர் சொன்னார்கள். நான் விடவில்லை. அது ஒரு கங்காணியின் கம்பு போட்ட ஓட்டை. குத்து வாங்கியவர் உபதேசியார்.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேதம் சொல்லிவந்த அவருக்கு மூன்று வருஷம் பெட்டி தூக்கினேன். அதற்கு முன் பண்டாரவளைக்கு ரயில் பாதை போட்டபோது கல் சுமந்தேன். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். ஓரிடத்தில் தங்கவும் மனம் ஒப்பாது. மலைக்கு மலை அலையும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. உபதேசியார் வெள்ளைக் கோட்டும் குடையும் இல்லாமல் வெளியே வரமாட்டார். தோட்டத்தில் குடை பிடிப்பவர்கள் கணக்கப்பிள்ளை, கங்காணி, இவர், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு மழைக்கும் குளிருக்கும் கம்பளி. அவர் ஜெபித்தால், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடுவரை கேட்கும்.

ஒரு மழைக்காலத்தில் லயங்களில் வயிற்றுப்போக்கு பரவியது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியின் மூன்று வயது மகள் படுத்துவிட்டாள். உபதேசியார் முழங்காலிட்டு, லயமே அதிர ஜெபித்து, "புள்ள பொழைச்சிரும்மா, கர்த்தர் சொல்லிட்டாரு" என்று எழுந்தார். மறுநாள் விடியுமுன் பிள்ளை இறந்துவிட்டது.

அதன்பின் அவருக்கு ஜெபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் புத்தகத்தில் உள்ளதை வாசிப்பார், மூடிவிடுவார். ஒருநாள் என்னிடம், "பெட்டியக் கட்டுப்பா, ஊருக்குப் போறேன். அவர் சொல்லாதத சொன்னாருன்னுட்டேன். இனி எந்த வாயால அவரக் கூப்பிடுறது?" என்றார். அதனால் நான் இன்னொரு வேலை தேட வேண்டும், எனக்கு வேறு நஷ்டம் இல்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புறப்படுமுன் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம், நல்ல மழை. மற்றப் பெண்கள் ரொட்டி தின்றுகொண்டிருக்க, தேயிலை நிரைகளுக்கு நடுவே ஒரு கம்பளி மட்டும் குவிந்து கிடந்தது. உள்ளே முணுமுணுப்பு. காத்திருந்தோம். தலையை வெளியே நீட்டியவள் எங்களைக் கண்டு திடுக்கிட்டாள்.

"இங்கயாம்மா ஜெபிக்கிற?"

"வேற எங்கங்கய்யா? ஒரே அறையில ஏழு பேரு இருக்கோம். கதவச் சாத்திட்டு ஜெபிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. இத இழுத்து மூடுனா கதவு சாத்துன மாதிரி."

"என்ன கேப்ப?"

"கேக்க என்ன இருக்கு? கர்த்தரத் திட்டுவேன். அப்புறம் அழுவேன். இன்னைக்கு ரெண்டும் வரல. சும்மா ஒக்காந்திருந்தேன். அவரும் கூட ஒக்காந்திருந்த மாதிரி இருந்திச்சு."

"என்ன மன்னிச்சிரும்மா."

"நீங்களும் அவ பொழைக்கணும்னுதானே கத்துனீங்க." கம்பளியைக் கழற்றி நீட்டினாள். "நீங்களும் ஒக்காந்து பாருங்கய்யா."

உபதேசியார் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு ஈர மண்ணில் உட்கார்ந்தார். குடையோடு நின்றவளைப் பார்த்து, "ஏய், புதுக் கங்காணி வந்திருக்காங்கடி, சலாம் போடுங்க!" என்று பெண்கள் சிரித்தார்கள். பிள்ளை போனபிறகு அவளும் அன்றுதான் சிரித்தாள் என்று பிறகு சொன்னார்கள். மறுபடி வேலைக்குக் கொம்பு ஊதினார்கள். குடையை என்னிடம் தந்து, ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் நிரைக்குப் போனாள். கம்பளி அசையவில்லை. நான் தள்ளிப்போய்ப் பாதையோரம் நின்றேன்.

அப்போதுதான் கங்காணி மேட்டிலிருந்து இறங்கி வந்தார். "எந்த லயத்து ஆளுடா நீ? வேலைக்கு வந்துட்டு கம்பளிக்குள்ள தூக்கமா?" என்று, இரும்புப் பூண் போட்ட கம்பால் தோளில் குத்தினார். நான் கத்தியது மழையில் கேட்கவில்லை. இரண்டாவது குத்தில் கம்பளி கிழிந்தது. அப்போதும் அசைவில்லை. கொஞ்ச நேரம் கழித்தே கம்பளி விலகி உபதேசியாரின் தலை தெரிந்தது. கண்கள் சிவந்திருந்தன. கங்காணி கம்பைக் கீழே போட்டார்.

"ஐயோ, அய்யாவா! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"பேசிக்கிட்டு இருந்தேன் கங்காணி. நடுவுல எந்திரிக்க முடியல."

ஊருக்கென்று கட்டிவைத்த பெட்டியை அன்று சாயந்தரமே அவிழ்த்தேன். அவளுக்குப் பசறையிலிருந்து புதுக் கம்பளி வாங்கிக் கொடுத்து, கிழிந்ததை அவர் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருடைய ஜெபம் அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்டதில்லை. கால் பரபரத்து நான் கிளம்பிய நாளில் அந்தக் கம்பளியை என் தோளில் போட்டுவிட்டார்.

இப்போது பதுளைக்கே ரயில் வந்துவிட்டது. நான் அங்கே மூட்டை தூக்குகிறேன். ஜெபத்துக்கு வேண்டிய சொற்கள் எனக்கு அதிகம் தெரியாது. மழை பிடித்தால் மூட்டைகளுக்கு நடுவே கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு உட்காருகிறேன். ஓட்டை வழியே கொஞ்சம் வெளிச்சம் வரும். யாராவது வந்து உலுக்கினால், நானும் உடனே எழுந்துவிடுவதில்லை.