மைசூரில் நான் அறுக்காத நூல்

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், பொங்கல் முடிந்த மறுவாரம். ஆரணியிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் பெங்களூர், மைசூர் என்று ஒரு வாரம் சுற்றக் கிளம்பினோம். சுற்ற என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்கு அது வியாபாரம். எங்கள் தறிகளில் நெய்த பட்டுப் புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கடை கடையாகக் காட்டி ஆர்டர் பிடிக்க வேண்டும். எனக்கோ மைசூரில் ஓட்டப் பந்தயம். ஊர் பார்ப்பதெல்லாம் நடுவில் கிடைக்கிற நேரத்தில்.

நாற்பது வயது தாண்டியவளுக்கு என்ன ஓட்டம் என்று நீங்களும் கேட்பீர்கள். எங்கள் தெருவே கேட்டது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னதால் விடியற்காலையில் மைதானத்துக்கு நடக்கப் போனேன். அங்கே பழக்கமான ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், என் நடையைப் பார்த்துவிட்டு, "நீ முன்னாடி ஓடினவதானே, மறைக்காத" என்று பிடித்துக்கொண்டார். ஆமாம், பள்ளிக்கூடத்தில் ஓடினேன். மாவட்டம் வரை போய்க் கோப்பைகள் வாங்கினேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா அதையெல்லாம் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள். ஓடுகிற பெண் வீட்டில் அடங்கி இருக்க மாட்டாள் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துவிடுவார்களாம். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து அவரிடம் நானே சொன்னபோது, "அப்படியா" என்றார். அத்தோடு சரி. எனக்குள் ஒரு ஆசை மட்டும் போகவே இல்லை. இந்த மனுஷன் ஒரே ஒரு தடவை நான் ஓடுவதைப் பார்க்க வேண்டும்.

மூத்தோர் போட்டிக்கு டீச்சர்தான் என் பேரைக் கொடுத்தார். எண்ணூறு மீட்டர். வீட்டில் சொன்னதும் அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, "மைசூர்ல ஒரு கடைக்காரு ரொம்ப நாளா கூப்ட்டுகினு இருக்காரு. சேத்து வெச்சிக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். காலையில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலை மார்பு உயரத்தில் இழுத்து விரித்திருப்பார்கள். அத்தனையும் தலைமுடி மாதிரி மெல்லிய பட்டு இழை. யாராவது அவசரமாக வந்தால் போதும், "நூலு, நூலு! பாத்து!" என்று நாலு வீட்டிலிருந்து சத்தம் வரும். வந்தவர் யாரானாலும் நின்று, குனிந்து, அடியில் நுழைந்துதான் போக வேண்டும். எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடும். நான் பிறந்து, ஓடிப் பழகியதும் இதே மாதிரி ஒரு நெசவாளர் தெருவில்தான்.

திங்கட்கிழமை விடியலில் வேலூர் போய் அங்கிருந்து பெங்களூருக்கு பஸ். மடியில் ஒரு மூட்டை, காலடியில் ஒரு மூட்டை. அங்கே சிக்பேட்டைப் புடவைக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தோம். அவர் புடவையை விரிப்பார், நான் மடிப்பேன். மறுபடியும் விரிப்பார், நான் மறுபடியும் மடிப்பேன். பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்க வேண்டியவள் மாடிப்படி ஏறி இறங்கியதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை மைசூர். அரண்மனையில் எல்லாரும் அண்ணாந்து கூரையைப் பார்க்க, இவர் மட்டும் ஓவியத்தில் இருந்த பெண்களின் புடவைக் கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தாம்மே, இந்தக் கரைய நம்ம தறியில போட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்டார். பின்னால் வந்த கூட்டம் எங்களைத் தள்ளாத குறை. மறுநாள் சாயங்காலம் பிருந்தாவனத் தோட்டத்தில் கலர் விளக்கில் தண்ணீர் ஆடியதைப் பார்த்தபோது, சின்னப் பிள்ளை போல வாயைப் பிளந்துகொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து வெளியிடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில், நாளைக்கு நிச்சயம் மைதானத்துக்கு வருவார் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

லாட்ஜுக்குத் திரும்பியதும் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"கடைக்காரு காலைல பத்து மணிக்குத்தான் வரச் சொல்றாரு. அத வுட்டா அவரு ஊருக்குப் பூடுவாராம்."

பந்தயமும் பத்து மணிக்கு.

"அப்ப நீங்க வரலியா?"

"இன்னா பண்றது? பொழப்பப் பாக்கணும்ல? நீ ஓடிட்டு வா, நான் ஜல்தியா முடிச்சிகினு வந்துடறேன்."

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. எங்களை நம்பித் தறியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவுவது போல அழுதேன்.

காலையில் சுடிதார் போட்டுக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் சுடிதார். அவர் என்னை நேராகப் பார்க்காமல் துப்பட்டாவின் ஓரத்தைப் பார்த்து, "நல்லாத்தான் கீது" என்றார். புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஒரு பக்கம், நான் ஆட்டோ பிடித்து ஒரு பக்கம்.

மைதானத்தில் என் வயதுப் பெண்கள் ஏழெட்டு பேர். ஒரு வார்த்தை கன்னடம் எனக்குத் தெரியாது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். விசில் ஊதியதும் கோபத்திலேயே ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் கடைசிக்கு முந்தி. இரண்டாவது சுற்றில் கால்கள் எங்கிருந்தோ பழைய கணக்கை எடுத்துக்கொண்டன. ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். கடைசித் திருப்பத்தில் எனக்கு முன்னால் யாருமே இல்லை. பச்சை உடை போட்ட ஒரு மைசூர் அம்மாவின் மூச்சு மட்டும் பின்னால் கேட்டது.

எதிரே முடிவுக் கோடு. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் வெள்ளைக் கம்பளி நூலை மார்பு உயரத்துக்கு இழுத்துப் பிடித்திருந்தார்கள். அதை அறுத்துக்கொண்டு போனால் முதல் பரிசு. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை அறுத்தவள்தான் நான்.

அப்போது வேலிப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"நூலு! நூலு! பாத்து!"

என் கால் நின்றுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நிறுத்தவில்லை, அது நின்றது. இடது கையால் நூலை மெல்லத் தூக்கி, தலையைக் குனிந்து, பதமாக அடியில் நுழையப் போனேன். அதற்குள் பச்சை உடை அம்மா நெஞ்சால் நூலை அறுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டார். மைதானமே சிரித்தது.

நான் கோட்டைப் பார்க்கவில்லை, நடுவர்களைப் பார்க்கவில்லை. வேலியைத்தான் பார்த்தேன். தோளில் மூட்டையோடு, வாயில் கை வைத்துக்கொண்டு, அவர் நின்றுகொண்டிருந்தார்.

மூச்சு வாங்க அவரிடம் போனேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஐயோ, நான் கெடுத்துட்டேன்மே. நீ வேகமா வந்துகினு இருந்த, எதிர்ல நூலு... வாயில தானா வந்துடுச்சி."

"கடைக்குப் போகலியா?"

"பாதி வழி போனேன். மனசு கேக்கல. அவரு ஊருக்குப் போனா போறாரு."

"எப்ப வந்தீங்க?"

"நீ மொத சுத்துல பின்னாடி ஓடிகினு இருந்தியே, அப்பவே வந்துட்டேன். எல்லாரையும் தாண்டி வந்த பாரு..." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் பரிசு கையை விட்டுப் போன அந்த நிமிஷம் இருந்த மாதிரி நான் என் வாழ்க்கையில் என்றுமே சந்தோஷமாக இருந்ததில்லை. சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. முதலில் வந்த அம்மா ஒன்றும் புரியாமல் பக்கத்தில் வந்து, "ஏன் நின்னுட்டீங்க?" என்று தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில் கேட்டார். என் வீட்டுக்காரர் மூட்டையை அங்கேயே அவிழ்த்து, ஒரு பட்டுப் புடவையை விரித்துக் காட்டி, எங்கள் தெருவையும் பாவையும் கையாலேயே நடித்து விளக்கினார். அந்த அம்மா புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சிவிட்டு, பரிசு மேடையில் தான் நின்ற உயரப் படியிலேயே என்னையும் இழுத்து ஏற்றிக்கொண்டார். நடுவர்கள் முறைத்தார்கள். அந்த அம்மா கண்டுகொள்ளவே இல்லை.

இறங்கி வந்து பார்த்தால், இவர் தரையில் கிடந்த அறுந்த கம்பளி நூலை எடுத்து, இரண்டு முனையையும் விரலில் வைத்துத் திரித்து இணைத்துக்கொண்டிருக்கிறார். அறுந்த இழையைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது.

மத்தியானம் இரண்டு பேரும் அந்தக் கடைக்குப் போனோம். நல்லவேளையாகக் கடைக்காரர் ஊருக்குப் போகவில்லை. காக்க வைத்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நினைத்ததில் பாதிக்குத்தான் ஆர்டர் கொடுத்தார். "சம்சாரத்துக்கு ஓட்டப் பந்தயங்க, அதான் லேட்டு" என்று இவர் வெட்கமே இல்லாமல் சொன்னபோது எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று போட்டிகளில் ஓடினேன். ஒன்றில் முதலாவதாகக்கூட வந்தேன். எல்லாவற்றுக்கும் அவர் வந்தார், வாயில் துண்டை வைத்துப் பொத்திக்கொண்டு. இப்போது முழங்கால் வலி, ஓடுவதில்லை. ஆனால் தெருவில் பாவு விரித்திருக்கும் காலை நேரத்தில் "நூலு, நூலு!" என்று சத்தம் வந்தால் எல்லாரும் குனிகிறார்கள், நான் மட்டும் ஒரு கணம் நிமிர்ந்து, அவர் எங்கே நிற்கிறார் என்று தேடிப் பார்க்கிறேன்.