ஏழாவது ஃப்ரெட்டின் பள்ளம்

என் அக்கா வீட்டுக்காரர் கிட்டார் பழுது பார்ப்பவர். விலை உயர்ந்த எலெக்ட்ரிக் கிட்டார் என்றாலே அத்தானுக்கு இளக்காரம். "பாதிக் காசு மேல ஒட்டியிருக்கிற பேருக்குத்தான்" என்பார். கடைக்கு வருகிறவர்களைச் சுவர் பார்த்து நிற்க வைத்து, மலிவான ஒன்றையும் விலை கூடிய ஒன்றையும் மாற்றி மாற்றி வாசிப்பார். எது எது என்று சரியாகச் சொன்னவர்கள் அபூர்வம். அதில் அவருக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அக்கா துணிக்கடையில் பில் போட்டவள். ஆறு வருடம் மிச்சம் பிடித்து, இவர் பேச்சைக் கேட்காமல் அப்படியொரு கிட்டார் வாங்கினாள். இந்தக் காசுக்கு நாலு வாங்கலாமே என்று இவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

"நாலு வாசிக்க எனக்கென்ன நாலு ஜோடிக் கையா இருக்கு?" என்றாள் அக்கா.

பதினோரு வருடம் தினமும் வாசித்தாள். கிட்டாரின் கழுத்தில் விரலுக்கடியில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிதான் ஃப்ரெட். அதில் ஏழாவது, தந்தி அழுந்தி அழுந்திப் பள்ளமாகிவிட்டது. அங்கே வாசித்தால் ஸ்வரத்தோடு 'கிர்ர்' என்று ஒரு சத்தமும் சேர்ந்து வரும். "ஊரார் கிட்டாரையெல்லாம் சரி பண்றீங்க, இதைப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இவரும் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

போன வருடம் மூன்று நாள் காய்ச்சலில் அக்கா போய்விட்டாள். எல்லாம் முடிந்த மறுநாளே அத்தான் அந்தக் கிட்டாரை மேசையில் கிடத்தி, ஃப்ரெட்டுகளையெல்லாம் அரத்தால் ராவிச் சமமாக்கி, மெருகேற்றி, புதுத் தந்தி மாட்டிவிட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கிர்ர் போய்விட்டது.

அதன் பிறகுதான் வீட்டில் அது அவருக்குக் கேட்க ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாயில் கேட்கிறது, ஜன்னல் கண்ணாடியில் கேட்கிறது என்கிறார். மாடிப்படி ஏறும்போது எனக்கும் ஒரு தரம் கேட்டது. பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் போயிருந்தேன். என்னையும் சுவர் பார்த்து நிற்கச் சொன்னார்.

"என்ன விளையாட்டு அத்தான் இது?"

"நில்லும்மா."

ஒரே மெட்டை இரண்டு கிட்டாரில் வாசித்தார். "எது அக்காவோடது?"

முன்பென்றால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். "தெரியல அத்தான்" என்றேன்.

"எனக்கும்தான் தெரியல. கடைசியில நான் சொன்னதே சரியாப் போச்சு, பாத்தியா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் திரும்பினேன். அக்காவின் கிட்டார் அவர் மடியில் கிடந்தது. தந்தியை ஒதுக்கிவிட்டு, மெல்லிய அரம் ஒன்றை ஏழாவது ஃப்ரெட்டின் மேல் வைத்திருந்தார்.

"அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் இருந்துச்சு?" என்றார். "நீ பாத்திருக்கியே, கொஞ்சம் சொல்லும்மா."