2.17-க்கு முடிந்த கட்டளை

இது நடந்தது. கதை கட்டும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. இருந்திருந்தால் வேறு வேலைக்குப் போயிருப்பேன். ஒரு பெரிய மருத்துவமனையில் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்வது என் வேலை. நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கும் சர்வருக்கு நான்தான் காவல். பேய் என்று யாராவது ஆரம்பித்தால், "அதுக்கு பாஸ்வேர்ட் தெரியுமா?" என்று கேலி செய்தவள். அந்த வாய் இப்போது எனக்கு இல்லை.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலைக் கவனிக்கும் நர்ஸ்தான் முதலில் சொன்னார்.

"மேடம், ஆள் உயிரோட இருக்கும்போதே பட்டியல்ல 'முடிந்தது'ன்னு மாறிடுது. சத்தியமா நான் மாத்தல. மறுநாளே ஆள் போயிடுறாங்க. இதோட மூணு பேர்."

மூன்றுமே மதியம் சரியாக 2.17-க்கு மாறியிருந்தன. அதே பட்டியலில் என் தம்பியும் இருந்தான். எனக்கென்று இருந்த ஒரே ஆள். பதிவு எண் 407182.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் 1.50. அலுவலகத்தில் நான் மட்டும். ட்ரேஸ் போட்டேன். சர்வருக்கு யார், எப்போது, என்ன கட்டளை அனுப்பினாலும் வரி வரியாகக் காட்டும் வேவுக்காரன் அது. யாரோ உள்ளேயே இருந்து விஷமம் செய்கிறார்கள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வரிகள் குவிந்துவிடக் கூடாது என்று, முடிந்த கட்டளைகளை மட்டும் காட்டச் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் செய்வோம்.

2.05. ஒரு இணைப்பு தெரிந்தது. பயனர் பெயர் காலி. உள்ளே நுழைந்த நாளைப் பார்த்தேன். பதினோரு மாதத்துக்கு முன்.

போன வாரம்தான் சர்வரை அணைத்துத் திரும்ப இயக்கியிருந்தேன். அணைத்தால் எல்லா இணைப்பும் அறுந்துவிடும். ஒன்றுகூடத் தப்பாது.

இது மட்டும் தப்பியிருந்தது.

அந்த இணைப்பு அனுப்பிய கட்டளையில் உறைதான் தெரிந்தது, உள்ளே இருக்கும் கடிதம் தெரியவில்லை. சில கட்டளைகள் அப்படித்தான். சர்வருக்குள் போய்த் துண்டு துண்டாகக் கோத்த பிறகுதான் முழு வாக்கியமாகும். கோப்பதையும் காட்டச் சொல்லி ட்ரேஸை மாற்றினேன்.

2.11. வரி வந்தது. 'காத்திருப்பு' என்பதை 'முடிந்தது' என்று மாற்று. பதிவு எண் =

அவ்வளவுதான். எண் இல்லை.

டக்.

பின்னால் சர்வர் அறை. பூட்டியிருந்தது. சாவி என்னிடம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு கீபோர்ட்தான் உண்டு. அது இழுப்பறைக்குள் மடக்கியபடியே கிடந்தது.

திரையில் புது வரி. பதிவு எண் = 4

டக்...

40

டக்...

407

தம்பிக்கு போன் போட்டேன்.

"டேய், எங்க இருக்க?"

"வீட்லதான்க்கா. ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல. போனை வைக்காத."

அந்த இணைப்பைத் துண்டிக்கக் கட்டளை அடித்தேன். சர்வர் பதில் சொன்னது... அப்படி ஒரு இணைப்பே இல்லை.

டக். 4071

டக். 40718

2.16. இன்னும் ஒரே ஒரு இலக்கம்.

யோசிக்கவில்லை. தம்பியின் எண்ணையே மாற்றினேன். மனதில் வந்த ஆறு இலக்கம். 938806. அந்த எண்ணில் யாரும் இல்லை.

சத்தம் நின்றது.

2.17...

2.18.

பட்டியலைத் திறந்தேன்.

தம்பியின் பெயர். 938806. முடிந்தது.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்டா," என்றேன். 'காத்திருப்பு' என்று என் கையாலேயே திருத்தி எழுதினேன். திருத்தியது அப்படியே நின்றது.

மறுநாள் டயாலிசிஸ் நாற்காலியில் அவன் போய்விட்டான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். அதனால் ஒரு பயனும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். நெட்வொர்க் பார்க்கிறவர், மீசை என்று கூப்பிடுவோம், தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்.

"சர்வர் மந்தமா இருக்குன்னு நானும் புதன்கிழமையே ஒரு ட்ரேஸ் போட்டு வச்சிருந்தேன்மா. நீங்க முடிஞ்சத மட்டும் பாத்தீங்க. என்னோடதுல தொடங்கினதும் இருக்கு."

அவர் காட்டிய வரியில் வாக்கியம் முழுதாக இருந்தது. தொடங்கிய நேரம், வியாழக்கிழமை மதியம் 2.17. பதிவு எண் = 938806.

ஞாயிற்றுக்கிழமைதான் அந்த எண் என் மனதில் வந்தது.

மூன்று நாள் அந்தக் கட்டளை முடியாமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த எண்ணில் ஆள் இல்லை. நான்தான் என் தம்பியைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன்.