குழாய் இல்லாத வைத்தியமும் எண்ணூர் ரோடும்

சிறுநீர்ப்பைக்கு மருந்து போடும் வேலைக்கு வருகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, அந்த உறுப்பின் பெயரைச் சொல்லாமலே நாள் முழுக்க அதைப் பற்றிப் பேசுவது எப்படி என்பதுதான்.

திருவொற்றியூரில் ஒரு சின்ன கிளினிக். அங்கே நான் நர்ஸ். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான் என்பதால், ஏதாவது தப்பு செய்தால் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஒரு பயம் எப்போதும் உண்டு. தீராத சிறுநீர்ப்பை வலி உள்ளவர்களுக்கு வாராவாரம் மருந்தை நேராகப் பைக்குள்ளேயே செலுத்த வேண்டும். முன்பு அதற்கு ஒரு குழாயை உள்ளே நுழைப்போம். இப்போது சிரிஞ்சின் மூக்கில் மெத்தென்ற குட்டி முனை ஒன்றை மாட்டி, சிறுநீர்த் துவாரத்தின் வாயில் பொருத்திப் பிடித்து, மருந்தை மெதுவாகத் தள்ளுகிறோம். அவ்வளவுதான், குழாய் கிடையாது. பஸ்ஸில் காலைப் பின்னிக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்காகக் கடவுளை வேண்டியவர்களே, மேலே படியுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

நெஞ்சுப் பிரிவு

அப்பா துறைமுகத்தில் சரக்கு ஏற்றுபவர். மகளின் வேலையைத் தெருவில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், 'ஹார்ட் பிரிவு' என்று சொல்லி வைத்திருக்கிறார். அதை நம்பி, கொருக்குப்பேட்டையிலிருந்து அவருடைய தோஸ்து ஒருவர் ஈசிஜி தாளோடு வந்து நின்றார். எனக்குப் பொய் வராது. எங்கள் பிரிவு எது என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்லி, இதய டாக்டரிடம் போகச் சொன்னேன். அவர் தாளைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நெஞ்சுல வேல பாக்குறன்னு உங்க நைனா சொன்னாரு. இன்னாம்மா, இவ்ளோ கீழ எறங்கிட்ட?"

சத்தம் வரவில்லை

வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா கணவரோடு வந்தார். மருந்து போட்டு முடித்து வெளியே வந்தால், கணவர் முகம் கடுகடுவென்று இருந்தது. போன வருஷம் வேறு ஆஸ்பத்திரியில் குழாய் போட்டபோது தெருமுனை வரைக்கும் அலறல் கேட்டதாம். இங்கே ஒரு முனகல்கூட இல்லையே, நிஜமாகவே மருந்து போட்டேனா என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். நான் காலி சிரிஞ்சைக் காட்டினேன். அதையும் நம்பவில்லை. அதற்குள் அந்த அம்மாவே கணவர் பக்கம் திரும்பினார்.

"நான் கத்துனாதான் உனக்கு வைத்தியமா? அப்போ நீ உள்ள போய் படு. நான் வெளிய குந்திகினு கேக்குறேன்."

எறும்புக் கடி

ரோசி அக்கா கரையில் மீன் ஏலம் விடுபவர். ஏலத்தின் நடுவே கழிப்பறை தேடிப் போனால், கூடையைச் சுற்றி நிற்கும் கூட்டம் வேறொருத்தியின் குரலுக்குப் போய்விடும். அடிக்கடி போனால் இடமே போய்விடும். படகுக்காரர்கள் ஏற்கெனவே முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கோ குழாய் வைத்தியம் ஆரம்பித்து, முதல் தடவையோடு ஓடி வந்தவர் அவர்.

எங்கள் மேனேஜர் போனில் 'வலியே இருக்காது' என்று சொல்லி அவரை வரவழைத்திருந்தார். நான் உள்ளதைச் சொன்னேன்: குழாய் போல இருக்காது, ஆனால் கொஞ்சம் எரியலாம், எல்லாருக்கும் ஒத்துவரும் என்று உறுதி கிடையாது, பல வாரம் வர வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் மேனேஜர் இருமினார். நிறுத்தாமல் இருமினார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். ரோசி அக்கா எழுந்து புடவையை உதறிக்கொண்டார்.

"போன தபா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னாங்கோ. அந்த எறும்ப நான் இன்னும் மறக்கல. நீ எரியும்னு சொல்ற பாரு, உன்ன நம்பலாம். எங்க படுக்கணும்?"

படுத்தால் நிற்பாள்

அடக்க முடியவில்லை என்று வருகிறவரிடம், மருந்து போட்ட கையோடு 'கொஞ்ச நேரம் அடக்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்வதுதான் எங்கள் வைத்தியத்தின் வேடிக்கை. ரோசி அக்காவும் சில வாரங்களாக மருந்தை உள்ளே வைத்துக்கொண்டு எங்கள் கட்டிலில் படுத்திருந்துவிட்டுத்தான் போவார். ஒருநாள் மருந்து போட்டு அப்படிப் படுத்திருக்கும்போதே போன் வந்தது. பெரிய படகு எதிர்பாராமல் கரை சேர்ந்துவிட்டது. அவர் இடத்தில் நிற்க இன்னொருத்தி தயாராக இருக்கிறாள்.

"அக்கா, இப்ப எழுந்திருக்காதீங்க" என்றேன்.

"நான் படுத்தா அவ நின்னுடுவா" என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டார்.

எண்ணூர் ரோடு எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கன்டெய்னர் லாரி வரிசை, இடையில் பள்ளம், பள்ளத்தில் ஆட்டோ. வியாதி இல்லாத சிறுநீர்ப்பையே அங்கே தாக்குப்பிடிக்காது. அன்று நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. கடைசியில் அவரே கூப்பிட்டார். பின்னணியில் ஐஸ் உடைக்கும் சத்தம்.

"ஒரு கூட வுடாம வித்துட்டேன், எவளும் என் எடத்துல நிக்கல. ஆனா இங்க பாத்ரூம் பூட்டிகீது, சாவிக்காரன் துன்ன போய்கீறான். மருந்து உள்ள போறதுக்கு வழி கண்டுபுடிச்ச ஆளுங்கள, வெளிய வுடறதுக்கும் ஒரு வழி கண்டுபுடிக்க சொல்லும்மா, சீக்கிரம்!"

ஆக, குழாய் இல்லாமல் மருந்தை உள்ளே அனுப்ப விஞ்ஞானத்துக்கு வழி தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நோயாளி சுகப்படுவது, சாவிக்காரர் எப்போது சாப்பிட்டுக் கை கழுவுகிறார் என்பதைப் பொறுத்தது.