ஐசியூ வாசலுக்கு வரவும்

போன மாதம் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மருத்துவமனை நிர்வாகம் படிக்கிற பிள்ளைகள். தலைப்பு, 'கருணையோடு தலைமை தாங்குதல்'. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு என் கணவர், இதை வீட்டில் எப்போது ஆரம்பிப்பதாக உத்தேசம் என்று கேட்டார். மேடையேறி மைக்கை ஆன் செய்ததும் அது 'கீய்ங்' என்று கத்தியது பாருங்கள், நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் தண்ணீர் குடிப்பதுபோல் பாவனை செய்து சமாளித்தேன். அந்தச் சத்தம் கேட்டாலே பதறி எழுந்து நிற்கும் கூட்டத்தோடு பல வருஷம் குப்பை கொட்டியவள் நான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நான் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரி, தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. பி.காம். முடித்துவிட்டுக் குரோம்பேட்டை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த சமயம். மற்றவர்கள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கத் தெரிய வேண்டும் என்று இன்டர்வியூவில் சொன்னதை வீட்டில் வந்து ஒப்பித்தேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "அப்ப வேற யாரையாவது எடுத்திருப்பாங்க" என்றாள். என்னைத்தான் எடுத்தார்கள். கழுத்தில் 'பேஷண்ட் ரிலேஷன்ஸ் எக்ஸிக்யூட்டிவ்' என்று அட்டை தொங்கியது. அது என்ன வேலை என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

முதல் மாடியில் ஐசியூ. அதற்கு நேர் கீழே அட்டெண்டர் ஹால். நோயாளியோடு வந்து காத்திருப்பவர்களை ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் என்போம். வரிசையாக இரும்பு நாற்காலிகள். ஃபினாயில் வாசனை, அதற்கு மேல் எலுமிச்சை சாத வாசனை, அதற்கும் மேல் யாராவது கோயிலிலிருந்து கொண்டுவந்த விபூதி. இருக்கிற ஒரே பிளக்கில் கொத்துக்கொத்தாகப் போன்கள் தொங்கும். முடிச்சூர், படப்பை, ஊரப்பாக்கம் என்று திசைக்கு ஒருவராக வந்தவர்கள், ஓரிரு நாளில் ஒரே ஃப்ளாஸ்க்கில் டீ குடிப்பார்கள். உள்ளே படுத்திருக்கும் மாமனாரைப் பற்றி இங்கே மனம்விட்டுக் குறை சொல்வார்கள். அடுத்த நிமிஷம் அதே மாமனாருக்காக அழவும் செய்வார்கள். எனக்கு அந்த ஹால் ரொம்பப் பிடிக்கும்.

அந்த ஹாலை ஆட்டிப் படைத்தது மைக். "இன்னார் அட்டெண்டர் ஐசியூ வாசலுக்கு வரவும்" என்று கூப்பிடும். பெரும்பாலும் மருந்து வாங்கித் தரச் சொல்லத்தான். எப்போதாவது அந்த இன்னொன்றுக்கு. இரண்டுக்கும் ஒரே குரல், ஒரே வாக்கியம். மீனம்பாக்கம் விமானம் தலைக்கு மேல் போகிற நேரமாகப் பார்த்து மைக் பேசிவிட்டால் பெயர் காதில் விழாது. அப்போது மொத்த ஹாலும் எழுந்து நிற்கும். விமானம் போன பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, யாரைக் கூப்பிட்டார்கள் என்று விசாரிப்பார்கள்.

இதைப் பார்த்துப் பார்த்து நான் ஒரு யோசனை சொன்னேன். பெயரோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாமே, மருந்துக்கு, கையெழுத்துக்கு, பார்ப்பதற்கு என்று. நிர்வாகம் மகிழ்ந்துபோய் எனக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தது. நானும் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். ஆனால் சாவை மைக்கில் சொல்ல முடியாதே. அதற்கு மட்டும் பழையபடி வெறும் பெயர்தான். ஹாலில் இருந்தவர்கள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு மத்தியானம் காரணம் இல்லாமல் ஒரு பெரியவர் பெயர் வந்தது. அவர் மகன் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஏகாம்பரம் வந்து சேர்ந்தார். இரும்புலியூரில் ஆட்டோ ஓட்டுகிறவர். நல்ல வாட்டசாட்டமான ஆள், குரல் மட்டும் சன்னம். மனைவி கஸ்தூரிக்கு நுரையீரலில் சளி கட்டி, மூச்சுக்குக் குழாய் போட்டு மேலே படுக்க வைத்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர். மைக் சத்தம் கேட்டால் காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் பிடித்துக்கொள்வார். மருந்துக்கு என்று கேட்டதும் விட்டுவிட்டு ஓடுவார்.

ஒரு நாள் காலை கஸ்தூரிக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். ஐசியூ சிஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த அவசரத்தில் மைக் ஆபரேட்டரிடம் கஸ்தூரி அட்டெண்டரை அனுப்பு என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். மைக்கும் அப்படியே கூப்பிட்டது. பெயர் மட்டும்.

ஏகாம்பரம் எழுந்தார். மாடிப்படிப் பக்கம் போகவில்லை. கேட்டைத் தாண்டி, ஆட்டோவை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். மேலே கஸ்தூரி கண்ணைத் திறந்து அவரைத் தேடியிருக்கிறாள். வரவில்லை என்றதும், அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, தன்னிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். யார் சொல்லியும் கேட்காமல் அழுதாள். மூச்சு இறைக்க ஆரம்பித்தது. இப்படியே போனால் மறுபடி குழாய் போட வேண்டி வரும், போட்டால் இந்தத் தடவை எடுப்பது சுலபமில்லை என்று டாக்டர் என்னிடம் சொன்னார். ஏகாம்பரத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவருடைய ஸ்டாண்டில் இல்லை. தேடி அலைந்து, கடைசியில் ரயில்வே ஸ்டேஷன் மேற்குப் பக்கம் ஒரு மரத்தடியில் அந்த ஆட்டோவைக் கண்டுபிடித்தேன். ஓட்டுகிற சீட் காலி. பின்னால், சவாரி உட்காருகிற இடத்தில், ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சொல்லாதீங்க மேடம். சொல்லாத வரிக்கும் அவ கீறா."

அக்கா பிழைத்துவிட்டாள், குழாய் எடுத்தாயிற்று, உங்களைத்தான் தேடுகிறாள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் நம்பவில்லை. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? செத்துப்போனவரைக்கூட, கொஞ்சம் சீரியஸ், உடனே கிளம்பி வாருங்கள் என்று சொல்லித்தானே அழைத்துப் போவோம். அவரும் தம் சவாரிகள் எத்தனை பேரை அப்படிப் பொய் சொல்லி வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கியிருப்பார்.

"எல்லாரும் இப்டி சொல்லித்தான் இட்டுனு போவாங்க" என்றார்.

சிஸ்டருக்குப் போன் போட்டேன். கஸ்தூரி வாயருகே வையுங்கள் என்று சொல்லிவிட்டு, என் போனை அவர் காதில் வைத்தேன். முதலில் வெறும் மூச்சு. பிறகு தகரத்தைத் தேய்த்ததுபோல் ஒரு குரல். எனக்கே வெளியில் கேட்டது.

"எங்கய்யா பூட்ட?"

பெரிய உடம்பு அப்படியே குலுங்கியது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் முன் சீட்டுக்குத் தாவி, "குந்துங்க மேடம்" என்றார். குந்தினேன். அவர் வந்த வேகத்தில் எனக்கும் ஒரு பெட் போட வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். மரத்தடியில் விட்டுவந்த ஸ்கூட்டியைச் சாயங்காலம் அப்பா போய் எடுத்துவந்தார், திட்டிக்கொண்டே.

அவர் போய்க் கையைப் பிடித்ததும் கஸ்தூரியின் மூச்சு மெல்ல நிதானத்துக்கு வந்தது. மறுபடி குழாய் போடவில்லை.

அதன் பிறகு ஐசியூ மைக்கை நிறுத்திவிட்டோம். நாங்களே நேரில் போய்க் கூப்பிட்டோம். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. நான் ஹாலுக்குள் காலடி வைத்தாலே எல்லோர் கண்ணும் என் முகத்தில். யார் பக்கத்தில் உட்காரப் போகிறாள் என்று பார்ப்பார்கள். அதனால் எந்தச் சேதியும் இல்லாதபோதும் போய் உட்கார ஆரம்பித்தேன். இவரிடம் மகளின் ஸ்கூல் அட்மிஷன், அவரிடம் மேடவாக்கம் தண்ணி லாரிக்காரனின் அட்டகாசம் என்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். வேர்க்கடலை கொடுத்தால் வாங்கித் தின்பேன். சேதி சொல்ல வேண்டிய நாளில் எனக்குத் தனியாக முகம் வைத்துக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. ஏற்கெனவே தெரிந்தவளாகத்தான் பக்கத்தில் இருந்தேன். பிற்பாடு என் கீழே பெண்கள் வேலைக்கு வந்தபோது அவர்களையும் தினம் போய் உட்காரச் சொன்னேன். அந்த நேரத்தை எந்த வேலையின் கீழ் காட்டுவது என்று மேலிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேனேஜர் ஆகி, தனி அறை வந்த பிறகும் நான் அதை விடவில்லை.

கஸ்தூரி வீட்டுக்குப் போன பிறகும் ஏகாம்பரம் வருவார். ஆஸ்பத்திரிக்குச் சவாரி கொண்டுவந்து இறக்கினால், ஹாலில் தனியாக இருக்கிற யார் பக்கத்திலாவது கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அறிவுரை, ஆறுதல் ஒன்றும் கிடையாது. எந்த ஊர், சாப்பிட்டாச்சா, அவ்வளவுதான்.

இப்போது அந்த ஹால் இல்லை. அந்த இடத்தில் ஸ்கேன் சென்டரும் காபி ஷாப்பும் இருக்கின்றன. அட்டெண்டர்கள் வீட்டில் இருக்கலாம், சேதி ஆப்பில் வந்துவிடும். வசதிதான், நான் மறுக்கவில்லை. ஆபீஸுக்கு லீவு போட வேண்டாம், இரும்பு நாற்காலியில் முதுகு ஒடிய வேண்டாம். நாற்காலிகளை லாரியில் ஏற்றிய வாரம் ஏகாம்பரம் வந்தார். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஜனங்களெல்லாம் எங்கே என்று கேட்டார். இனிமேல் எல்லாம் அவரவர் போனிலேயே தெரிந்துவிடும் என்று ஆப்பைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நன்றாக உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது மேடம்" என்றார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "சேதி வர்றப்போ பக்கத்துல யாரு குந்திகினு இருப்பா?"